மனச்சோர்வு மாத்திரையை மெல்லக் குறைப்பது: சேலத்தில் என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நான் மருத்துவர் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பது வருடம் எஸ்சிடலோப்ராம் என்ற மாத்திரை, தினமும் 10 மி.கி. சாப்பிட்டேன். அந்த மாத்திரை என்னைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை விடுவதற்கு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை 26 மாதம் ஆனது. இது தெரிந்தவர்கள் தங்கள் தெரிந்தவர்களை அனுப்ப, கல்யாண மண்டபத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் கூட யாராவது தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே குறைக்க ஆரம்பிக்காதீர்கள். படித்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள்.

இது தூக்க மாத்திரைதானே? ஒருமுறை ஆரம்பித்தால் அடிமையாகி விடுவோமா?

நம் பக்கம் மனநல மருத்துவர் எழுதும் எல்லாவற்றுக்கும் "தூக்க மாத்திரை" அல்லது "நரம்பு மாத்திரை" என்று ஒரே பெயர்தான். மனச்சோர்வு மாத்திரை தூக்க மாத்திரை இல்லை. போதையும் தராது. இன்னும் ஒன்று போடலாமா என்று மனம் ஏங்காது, நாளாக ஆக அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றாது. அந்த அர்த்தத்தில் அடிமைத்தனம் இல்லை.

ஆனால் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தி ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் காபி குடிப்பார். விரதம் என்று ஒருநாள் விட்டால் மத்தியானம் மண்டை இடிக்கும். அவரை யாரும் போதைக்காரர் என்று சொல்வதில்லை. காபி தினமும் வரும் என்று உடம்பு தன்னைச் சரிசெய்து வைத்திருக்கிறது, வராதபோது தடுமாறுகிறது. மாத்திரையிலும் இதேதான் நடக்கிறது, இன்னும் ஆழமாக. எத்தனை வருடம் சாப்பிட்டோமோ, அதற்கேற்ப மூளை தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். திரும்பி வர அதற்கு அவகாசம் வேண்டும்.

எனக்கு இப்போது நன்றாக இருக்கிறது. குறைக்கலாமா?

நன்றாக இருப்பது மாத்திரையால் என்றால், "நன்றாக இருக்கிறது" என்பது மட்டும் நிறுத்தக் காரணம் ஆகாது. முதல் தடவை மனச்சோர்வு வந்தவர்கள்கூட, குணமான பிறகு குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. பலமுறை வந்தவர்களுக்கு இரண்டு வருடம் அல்லது அதற்கும் மேல் என்று சொல்வார்கள். இரண்டு மூன்று முறை திரும்ப வந்தவர்கள், உயிரை விட முயன்றவர்கள், அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளவர்கள் இவர்களெல்லாம் குறைப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் நிறையப் பேச வேண்டும். சிலருக்குத் தொடர்வதே சரியான முடிவு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறோம், அதில் யாரும் வெட்கப்படுவதில்லை.

ஆபத்தை மூடி மறைக்காமல் ஒரு கணக்கையும் சொல்கிறேன். நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டு, நன்றாக இருந்து, நிறுத்தலாம் என்று நினைத்த 478 பேரை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2021இல் வெளிவந்தது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்குத் திரும்பியது. இதை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். நிறுத்தினால் அபாயம் கூடும், அது உண்மை. நிறுத்தியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த வருடத்தைத் திரும்ப விழாமல் கடந்தார்கள், அதுவும் உண்மை.

குறைக்க ஆசைப்படும் காரணங்களும் நியாயமானவைதான். உடல் எடை ஏறுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தாம்பத்தியத்தில் நாட்டம் போய்விடுகிறது. எனக்கு இருந்தது வேறு. அழுகை வராது. அப்பா இறந்தபோதும் வரவில்லை. சந்தோஷமும் ஒரு துணிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத்தான் இருக்கும். அதற்காகத்தான் நான் விட நினைத்தேன்.

நிறுத்தினால் என்னென்ன செய்யும்?

கிறுகிறுப்பு, குமட்டல், தலைவலி, சளிக்காய்ச்சல் வருவது போன்ற உடம்பு வலி, தூக்கமின்மை, விசித்திரமான தெளிவான கனவுகள், வியர்வை, எரிச்சல், காரணமில்லாத அழுகை, படபடப்பு. இவற்றோடு, இந்த மருந்துகளை விடும்போது பலர் சொல்லும் ஒன்று உண்டு: தலைக்குள் சட்டென்று ஒரு கரண்ட் அடித்தது போல இருக்கும். கண்ணை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பும்போது அதிகமாக வரும். பயமாக இருக்கும். வெறும் அந்த "ஷாக்" மட்டும் இருந்தால் அது மூளையைக் கெடுப்பதாகத் தெரியவில்லை.

எனக்கு இது முதன்முதலில் வந்தது நிறுத்த நினைத்து அல்ல. ஒரு மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு போய் நாகலூரில் சித்தி வீட்டில் தங்கினோம். மாத்திரை அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். நான்கு நாள்தானே என்று இருந்துவிட்டேன். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் படுக்கையில் திரும்பும்போது தலைக்குள் சுரீர் என்றது. நான்காம் நாள் பஸ்ஸில் இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவும் என் மண்டைக்குள் இருந்தது. "மலைப் பித்தம் கண்ணு, இதை மோந்து பாரு" என்று அம்மா எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். அடிவாரம் வந்தும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் எல்லாம் மறைந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது, அது மலையும் இல்லை, பித்தமும் இல்லை.

எல்லோருக்கும் இப்படி ஆகுமா?

இல்லை. இதைக் கேட்டுப் பயந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2024இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் அறிகுறி வந்தது. ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். ஆக, மருந்தை நிறுத்தியதாலேயே வருவது ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வந்தது சுமார் 35 பேரில் ஒருவருக்கு. அந்த ஆய்வுகள் பலவற்றில் சில மாதங்களே மருந்து சாப்பிட்டவர்கள் இருந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். முன்பு ஒருமுறை மாத்திரை தவறியபோதே தொல்லை வந்திருந்தால், அது ஒரு நல்ல முன்னெச்சரிக்கை. எனக்கு ஏற்காடு அதைச் சொல்லிவிட்டது, நான்தான் கேட்கவில்லை.

எந்த மாத்திரையை விடுவது கடினம்?

உடம்பைவிட்டு வேகமாக வெளியேறும் மருந்துதான் அதிகத் தொல்லை தரும். வென்லாஃபாக்ஸின் சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வேளை தாமதமானாலே உணர்வார்கள். பாராக்ஸெடினும் கடினமான பட்டியலில் இருக்கிறது, அது ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகும். டுலாக்ஸெடின், டெஸ்வென்லாஃபாக்ஸின் இவையும் கவனம் தேவைப்படுபவை. செர்ட்ராலினும் எஸ்சிடலோப்ராமும் நடுவில். ஃப்ளூயோக்ஸெடின் மட்டும் தனி ரகம். அது பாதியாகவே நாலைந்து நாள் ஆகும், அது உடைந்து உருவாகும் பொருள் இன்னும் நீண்ட நாள் தங்கும். தானாகவே மெல்ல இறங்குவதால் பலருக்குச் சுலபம். ஆனால் தொல்லை வந்தால் பல வாரம் கழித்து வரும், அதற்குள் மாத்திரையை மறந்தே போயிருப்பார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக் குறைக்கலாமா?

ஃப்ளூயோக்ஸெடின் தவிர மற்றவற்றில் வேண்டாம். ஒருநாள் ஏற்றி ஒருநாள் இறக்கினால் தினமும் ஒரு சின்ன நிறுத்தத்தை உடம்புக்குக் கொடுக்கிறோம். தினமும், ஒரே நேரத்தில், சற்றுக் குறைந்த அளவு. அதுதான் முறை.

பாதியாகக் குறைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் பாதியை நிறுத்தியதும் ஏன் இப்படி விழுந்தேன்?

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான். நானும் இங்கேதான் விழுந்தேன். இரண்டாவது முறை, அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் சொன்னபடி, 10 மி.கி. யிலிருந்து 5க்கு வந்தேன். இரண்டு வாரம் கழித்து 5லிருந்து சைபர். 5க்கு வந்தபோது எதுவும் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் மீதியை விட்டேன். ஐந்தாவது வாரம் தூக்கம் முழுக்கப் போனது. பட்டறையில் ரசீது எழுதும்போது எண்கள் மங்கி, காரணமே இல்லாமல் அழுதேன். "நோய் திரும்பிவிட்டது, இனி வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியதுதான்" என்று சொன்னார்கள். மறுபடி 10.

காரணம் கணக்கில் இருக்கிறது. இந்த மருந்துகள் மூளையில் செரோட்டோனின் என்ற பொருளைத் திரும்ப உள்ளே இழுக்கும் வாசல்களை அடைக்கின்றன. இரண்டு மடங்கு மருந்து சாப்பிட்டால் இரண்டு மடங்கு வாசல் அடைபடுவதில்லை. சிட்டலோப்ராம் என்ற, எஸ்சிடலோப்ராமுக்கு மிக நெருக்கமான மருந்தில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 20 மி.கி. சாப்பிட்டால் வாசல்களில் சுமார் 80 சதவீதம் அடைபடுகிறது. 9 மி.கி. க்கு இறங்கினாலும் 70 சதவீதம் அடைபட்டே இருக்கிறது. ஐந்தரை அளவில் 60. மூன்றரை அளவில் 50. பாருங்கள், 20லிருந்து 9க்கு வந்தபோது குறைந்தது வெறும் 10. அந்தக் கடைசி மூன்றரையை ஒரே நாளில் விட்டால் குறைவது 50. மாத்திரை அட்டையில் சின்னதாகத் தெரிவது மூளைக்குப் பெரிய பள்ளம்.

மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் இதை விளக்கி எழுதினார்கள். அளவைச் சம பங்குகளாகக் குறைக்காமல், மூளையில் ஏற்படும் மாற்றம் சம பங்காக இருக்கும்படி குறைக்க வேண்டும், அதாவது கீழே போகப்போக இன்னும் சின்னச் சின்னதாகக் குறைக்க வேண்டும் என்றார்கள். ஹோரோவிட்ஸ் அப்போது மனநல மருத்துவப் பயிற்சியில் இருந்தவர். தானே மாத்திரையை விடும்போது கஷ்டப்பட்டவரும்கூட. இங்கிலாந்தின் மனநல மருத்துவர் கல்லூரி 2020இல் மக்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியிலும், அந்நாட்டில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டியிலும் இந்தக் கருத்து இடம்பெற்றுவிட்டது. இதைப் படித்த அன்று நான் அழுதேன். என் மனம் பலவீனமானது என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் எந்த வேகத்தில் குறைப்பது?

எல்லோருக்கும் பொருந்தும் அட்டவணை கிடையாது. சில மாதங்களே சாப்பிட்டவருக்குச் சில வாரம் போதும். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மாதக்கணக்கு, சிலருக்கு அதற்கும் மேல். முதலில் ஒரு சின்னக் குறைப்பு. பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரம் காத்திருந்து உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பது. அது அடங்கிய பிறகே அடுத்தது. குறைப்பது எப்போதும் கடைசியாகச் சாப்பிட்ட அளவிலிருந்து ஒரு பங்கு. நான்கில் ஒரு பங்கைத் தாங்குகிறவர்கள் உண்டு, பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாங்காதவர்களும் உண்டு.

என் கணக்கைச் சொல்கிறேன், இதை யாரும் மருந்துச் சீட்டாக எடுக்க வேண்டாம். 10லிருந்து ஏழரை, அதில் இரண்டு மாதம். பிறகு 5, அதில் இரண்டு மாதம். அங்கிருந்து மாதம் சுமார் பத்தில் ஒரு பங்கு. 5, நாலரை, நாலு, மூன்று புள்ளி ஆறு என்று இறங்கி, 22 மாதம் கழித்து அரை மில்லிகிராமில் நின்றேன். அங்கிருந்து சைபர். முதல் பாதிக்கு நான்கு மாதம், இரண்டாம் பாதிக்கு 22 மாதம்.

நடுவில் இரண்டு முறை நின்றேன். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் வீடு முழுக்க உறவினர். அந்த மாதம் குறைக்கவில்லை. தீபாவளிக்கு முன் பட்டறையில் ஆர்டர் குவியும், அப்போதும் குறைக்கவில்லை. நிற்பது பின்னால் போவது ஆகாது. பரீட்சை, பிரசவம், வீடு மாறுவது, துக்கம் இவை நடக்கும்போது அதே அளவில் இருங்கள்.

அவ்வளவு சின்ன பவரில் மாத்திரை கிடைப்பதில்லையே?

எஸ்சிடலோப்ராமில் சின்னது 5 மி.கி. செர்ட்ராலினில் 25. அதற்குக் கீழே நாமே ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். முதலில் மருந்துக்கடைக்காரரிடம் அந்த மருந்து சிரப்பாக வருகிறதா என்று கேளுங்கள். ஃப்ளூயோக்ஸெடின் சிரப்பாக உண்டு. சாதாரண மாத்திரையாக இருந்தால், மாத்திரை வெட்டும் கருவியால் பாதி, கால் என்று வெட்டலாம். அதற்குக் கீழே வெட்டினால் தூளாகிவிடும்.

என் மருத்துவரும் மருந்தாளரும் எனக்குக் காட்டிய வழி, தண்ணீரில் கலப்பது. 5 மி.கி. மாத்திரை ஒன்றை 10 மி.லி. தண்ணீரில் போட்டு நன்றாகக் கரையவிட்டு, குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் 9 மி.லி. எடுத்தால் அது நாலரை மி.கி. எட்டு எடுத்தால் நாலு. முழுதாகக் கரையாது, கீழே படியும், அதனால் எடுப்பதற்கு முன் கண்டிப்பாகக் குலுக்க வேண்டும். உடனே குடிக்க வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும், நாளைக்கு வைக்கக் கூடாது. இதை உங்கள் மருந்துக்குச் செய்யலாமா என்று கேட்காமல் செய்யாதீர்கள். மெல்ல வெளிவிடும் வகை மாத்திரைகளை, அட்டையில் இ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருப்பவற்றை, பொடிக்கவே கூடாது. முழு நாளுக்கான மருந்து மொத்தமாக இறங்கிவிடும். டுலாக்ஸெடின் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் மணிகளையும் நசுக்கக் கூடாது. அவற்றுக்கு வேறு வழி உண்டு, மருத்துவர் சொல்வார்.

பட்டறையில் இருக்கும் தராசு என் கண்ணில் படாமல் இருக்குமா? மில்லிகிராம் வரை காட்டும் தராசில் மாத்திரையை எடை போட்டுப் பார்த்தேன். 10 மி.கி. மாத்திரை என்று எழுதியிருக்கும், எடை போட்டால் நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். மருந்து 10 தான், மீதி மாவும் பசையும் பூச்சும். "ஒரு மில்லிகிராம் சுரண்டினேன்" என்று நினைப்பவர் உண்மையில் மருந்தில் ஒரு துளியைத்தான் சுரண்டியிருப்பார். மாத்திரையின் எடை வேறு, மருந்தின் எடை வேறு. இதைக் குழப்பிக்கொண்டு தவறாகச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் மாத்திரை அட்டையில் இரண்டு மருந்துப் பெயர் இருக்கிறது. அது என்ன?

தயவுசெய்து இப்போதே அட்டையை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டில் எஸ்சிடலோப்ராமோடு க்ளோனாசெபாம் சேர்ந்த ஒரே மாத்திரை மிகப் பரவலாக எழுதப்படுகிறது. க்ளோனாசெபாம் வேறு குடும்பம், படபடப்பை அடக்கித் தூக்கம் தரும் வகை. அதற்குப் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மாத்திரையை நீங்களாகப் பாதியாக்கினால் இரண்டு மருந்தையும் ஒரே நேரத்தில் குறைக்கிறீர்கள். எது என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவரிடம் சொல்லி முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் குறைக்க வேண்டும். எதை முதலில் என்பது அவர் முடிவு.

இது மருந்தை விடும் தொல்லையா, பழைய நோய் திரும்புகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்போது ஆரம்பித்தது என்று பாருங்கள். குறைத்த சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ வந்தால் விடும் தொல்லையாக இருக்க வாய்ப்பு அதிகம். மனச்சோர்வு மெல்ல, வாரக்கணக்கில் கவிழும். கூட என்ன வருகிறது என்று பாருங்கள். தலைக்குள் ஷாக், கிறுகிறுப்பு, குமட்டல் இவை பொதுவாக மனச்சோர்வில் வருவதில்லை. முன்பு உங்களுக்கு இல்லாத ஒன்று இப்போது வந்தால் அதுவும் ஒரு தடயம். அப்புறம், விடும் தொல்லை அலை அலையாக வரும். காலையில் தாங்க முடியாமல் இருந்து சாயங்காலம் சரியாகிவிடும், நான்கு நாள் நன்றாக இருந்து மறுபடி வரும். முந்தைய அளவுக்குத் திரும்பினால் சில நாளில் அடங்கினால், பெரும்பாலும் அது விடும் தொல்லைதான். மனச்சோர்வுக்கு மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும்.

ஆனாலும் இரண்டும் கலந்து வரலாம், தாமதமாகவும் வரலாம். இதனால்தான் நோட்டு வேண்டும். தேதி, அளவு, தூக்கம் எத்தனை மணி, அன்று என்ன செய்தது. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு அது பழக்கம். புது மருத்துவரிடம் போனபோது நான் பேசியதைவிட அந்த நோட்டுதான் அதிகம் பேசியது. இரண்டாவது முறை நான் விழுந்தது எந்தத் தேதியில் என்று விரல் வைத்துக் காட்டிவிட்டு, "இது நோய் மாதிரி தெரியலைம்மா, வேகமா இறக்கினதுதான்" என்றார்.

மருத்துவர் "இரண்டு வாரத்தில் நிறுத்திவிடலாம்" என்கிறார். என்ன சொல்வது?

எதிர்த்துப் பேச வேண்டாம், பயந்து தலையாட்டவும் வேண்டாம். "போன தடவை தவறினப்போ இப்படி ஆச்சுங்க டாக்டர், இன்னும் மெதுவா குறைக்கலாமா?" என்று கேளுங்கள். நோட்டைக் காட்டுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். மெதுவாகக் குறைக்க அவர்களுக்கும் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒப்பவே இல்லையென்றால் வேறொருவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. தனியாரிடம் போக வசதி இல்லாதவர்களுக்கு ஜி.எச்., அதாவது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நிறுத்த வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வேண்டாம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் நிதானமாகச் சொல்கிறேன். கல்யாணத் தேதிக்குள் மாத்திரை நின்றாக வேண்டும் என்று இரண்டு மாதத்தில் நிறுத்திய பெண்கள் மறுவீட்டுக்கு முன்பே படுக்கையில் விழுந்ததை அறிவேன். புது வீடு, புது மனிதர்கள், தூக்கமில்லாத வாரங்கள், அதன் நடுவில் யாரிடமும் சொல்ல முடியாத கிறுகிறுப்பு. இதைவிட மோசமான நேரம் கிடையாது. உங்கள் சிகிச்சை விவரம் உங்களுடையது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை ரகசியமாக வைத்திருக்க மருத்துவர்களைக் கடமைப்படுத்துகிறது. யாரிடம், எப்போது சொல்வது என்பது உங்கள் கையில். என் கருத்தைக் கேட்டால், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. மாத்திரையைச் சொன்னதற்காகப் போகும் சம்பந்தம் போகட்டும்.

கர்ப்பமாக நினைக்கிறவர்களும், கர்ப்பம் தெரிந்தவர்களும் பயத்தில் அன்றே நிறுத்திவிடாதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மருந்தைப் பொறுத்து முடிவு மாறும்.

குறைக்கும் காலத்தில் எப்படி இருப்பது?

சாதாரணமாக. தினமும் ஒரே நேரத்தில் படுக்கை, ஒரே நேரத்தில் எழுந்திருப்பது. காபியைப் பத்து மணிக்கு மேல் விட்டுவிட்டேன், எரிச்சலும் படபடப்பும் பாதியானது. மது கூடாது. காலையில் மூக்கனேரிக் கரையில் அரை மணி நடப்பேன், மோசமான நாட்களில் தெருமுனை வரை. மனநல ஆலோசகரிடம் பேசும் சிகிச்சை இருந்தால் குறைக்க ஆரம்பிப்பதற்கு முன்பே தொடங்குங்கள், நடுவில் இல்லை.

அளவு குறைத்த முதல் இரண்டு வாரம் ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்ட வேண்டாம். வளைவில் தலையைத் திருப்பும்போதுதான் அந்த ஷாக் வரும். ஊருக்குள் இரு சக்கர வண்டியும் கிறுகிறுப்பு இல்லாத நாளில் மட்டும். எங்கே போனாலும் கைப்பையில் ஓர் அட்டை மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும் இருக்கட்டும்.

வீட்டில் ஒருவருக்காவது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நான் சொல்லி வைத்திருந்தது ஒன்றுதான்: "நான் கத்தினால் திருப்பிக் கத்தாதீங்க, நாட்காட்டியைப் பாருங்க." குறைத்த தேதியை அதில் சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பேன். அவர் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்த் தட்டுவடை செட் வாங்கி வருவார்.

நாட்டு மருந்து, வைட்டமின் ஏதாவது எடுத்தால் சீக்கிரம் நிறுத்தலாமா?

விடும் தொல்லையைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட டானிக் எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு என் சூரணத்தைச் சாப்பிடு என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

எப்போது உடனே உதவி தேட வேண்டும்?

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால். ஓரிடத்தில் உட்காரவே முடியாமல், உடம்புக்குள் ஏதோ பிறாண்டுவது போல அலைந்துகொண்டே இருந்தால். இரண்டு மூன்று இரவு துளியும் தூங்காவிட்டால். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், வேகமான பேச்சு, கண்மண் தெரியாத செலவு என்று போனால். வலிப்பு வந்தால். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம், இலவசம்.

முடியாமல் மறுபடி பழைய அளவுக்குப் போனால்?

போகலாம். நான் இரண்டு முறை போனேன். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு, கடைசியாக நன்றாக இருந்த அளவுக்குத் திரும்பி, சில வாரம் நின்று, அடுத்த முறை இன்னும் சின்னதாகக் குறைக்கலாம். குறைந்த அளவிலேயே காலமெல்லாம் தங்கிவிட்டவர்களும் உண்டு. என் பெரியம்மா மகள் 2.5 மி.கி. யில் நின்றுவிட்டார், அங்கே அவருக்கு நன்றாக இருக்கிறது.

முழுதாக நிறுத்திய பிறகு மீதி மாத்திரையை என்ன செய்வது?

ஓர் அட்டையை வைத்திருங்கள். நிறுத்திய பிறகும் சில வாரம், சில மாதம் கழித்தும் அலை வரலாம், மருத்துவர் திரும்பத் தொடங்கச் சொல்லலாம். எனக்கு நிறுத்திய மூன்று வாரம் லேசாக ஷாக் இருந்தது. ஐந்தாவது மாதம் ஒரு மோசமான வாரம் வந்தது. அட்டையைக் கையில் எடுத்தேன், மருத்துவருக்குப் போன் செய்தேன், "நாலு நாள் பாருங்கம்மா, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். நாலாம் நாள் அடங்கிவிட்டது. அதன் பிறகு ஒரு சாயங்காலம், அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அழுகை வந்தது. இத்தனை வருடம் வராத அழுகை. அரை மணி நேரம் அழுதேன். அட்டையில் காலாவதித் தேதி பார்த்து மாற்றி வைக்க மறக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.